அமிர்தசரஸில் வைசாகி: முதல் முறை போகிறவர்களுக்கு

வைசாகி சமயத்தில் அமிர்தசரஸ் போகலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அன்று அந்த ஊரில் ஒரு திருநாளும் ஒரு துக்க நாளும் அடுத்தடுத்து நிற்கும். பொற்கோவில் என்று நாம் சொல்லும் ஹர்மந்திர் சாஹிபில் மக்கள் புத்தாடை உடுத்தி, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஜாலியன்வாலா பாக். ஒன்றை முடித்த கையோடு அதே முகத்துடன் மற்றொன்றுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அதனால் அந்த நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது, எங்கே எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தேதியை முதலில் சரிபாருங்கள்

சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள்தான் வைசாகி. நமக்குச் சித்திரை முதல் நாள், மலையாளிகளுக்கு விஷு, அசாமில் ரொங்காலி பிஹு. பெயரைப் பார்த்து நம் வைகாசி என்று நினைத்துவிட வேண்டாம். நாம் சித்திரை என்று அழைக்கும் மாதத்தைத்தான் பஞ்சாபில் வைசாக் என்கிறார்கள். சில ஆண்டுகளில் அது ஏப்ரல் 13, சில ஆண்டுகளில் 14. ஆனால் ஜாலியன்வாலா பாக் நினைவு நாள் எப்போதும் ஏப்ரல் 13 மட்டுமே, ஏனென்றால் அது ஆங்கிலத் தேதியோடு கட்டுண்டது. ஆகவே 12 இரவே ஊர் சேர்ந்து, 14 வரை தங்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டானாலும் இரண்டும் கிடைக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு டெல்லி போய் மாறுவதுதான் எளிது. புது டெல்லியிலிருந்து சதாப்தியில் ஆறு மணி நேரம் சொச்சம். தங்குவதற்குக் கோவில் வளாகத்தை ஒட்டியே குரு ராம்தாஸ் சராய் போன்ற யாத்திரிகர் விடுதிகள் உண்டு. திருவிழா நாட்களில் அவற்றை நம்பிப் போகாதீர்கள். கிராமங்களிலிருந்து டிராக்டர் வண்டியில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கே இடம் போதாது. பழைய நகருக்குள் நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்வது நல்லது. அன்று வண்டிகளை வெகு தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

1699-ஐத் தெரிந்துகொண்டு போங்கள்

வைசாகி அடிப்படையில் கோதுமை அறுவடைக் காலத்துத் திருநாள். பஞ்சாபி இந்துக்கள் அன்று ஆற்றிலும் குளத்திலும் நீராடுவார்கள், ஹரித்வாருக்குப் போகிறவர்களும் உண்டு. சீக்கியர்களுக்கு அது கூடும் நாளாக ஆனது மூன்றாவது குரு அமர்தாஸ் காலத்தில். வைசாகிக்கும் தீபாவளிக்கும் எல்லோரும் தம்மிடம் கோயிந்த்வாலுக்கு வரும்படி அவர் ஏற்படுத்தினார். ஊர் கூடுகிற அந்த வழக்கம்தான் பின்னால் 1699 நிகழ்வுக்கும் 1919 படுகொலைக்கும் களமாக அமைந்தது.

1699-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு 24 ஆண்டுகள் முன்பு, 1675-இல், ஒன்பதாவது குரு தேக் பகதூர் டெல்லியில் தலை வெட்டப்பட்டு இறந்தார். காஷ்மீரப் பண்டிதர்கள் தங்கள் சமயத்தைக் காக்க அவரிடம் வந்து முறையிட்டார்கள், அவர்களுக்காகவே அவர் உயிர் கொடுத்தார் என்பது சீக்கியர்கள் போற்றும் வரலாறு. அவருடைய மகன்தான் பத்தாவது குரு கோவிந்த் சிங். 1699 வைசாகி அன்று அனந்த்பூர் சாஹிபில் பெருங்கூட்டத்தின் நடுவே உருவிய வாளோடு நின்று, "ஒரு தலை வேண்டும், யார் தருவீர்கள்?" என்று கேட்டார். கூட்டம் உறைந்தது. லாகூரைச் சேர்ந்த தயாராம் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப்போன குரு, ரத்தம் சொட்டும் வாளோடு வெளியே வந்து மறுபடியும் கேட்டார். இப்படி ஐந்து முறை. கடைசியில் ஐவரும் உயிரோடு, ஒரே மாதிரி உடையில் வெளியே வந்தார்கள். அவர்கள்தான் பஞ்ச் பியாரே, அதாவது குருவின் அன்புக்குரிய ஐவர்.

அந்த ஐவரின் ஊரைப் பாருங்கள்: லாகூர், ஹஸ்தினாபூர், துவாரகை, பூரி, பீதர். பீதர் இன்றைய கர்நாடகம். குலத்தைப் பாருங்கள்: ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட் உழவர், ஒருவர் துணிக்கு அச்சிடுபவர், ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் நாவிதர். இரும்புக் கிண்ணத்தில் தண்ணீரும் சர்க்கரை வில்லையும் இட்டு, இருமுனை வாளால் கலக்கி, அந்த அமிர்தத்தை ஒரே கிண்ணத்திலிருந்து ஐவருக்கும் கொடுத்தார் குரு. அப்புறம் அவர்கள் முன் தானே மண்டியிட்டு, அவர்கள் கையால் அதே அமிர்தத்தை வாங்கிக்கொண்டார். தொட்டால் தீட்டு என்றிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய செயல் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கால்சா என்னும், அமிர்தம் பெற்ற சீக்கியர்களின் சமூகம் பிறந்தது அன்றுதான். ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்ற பொதுப்பெயரும் அந்த மரபோடு வந்ததுதான். வெட்டாத முடி, மரச் சீப்பு, இரும்புக் காப்பு, கச்சை, கிர்பான் வாள் என்ற ஐந்து அடையாளங்களும் அப்படியே. தெருவில் நீல உடையோடு பெரிய தலைப்பாகை கட்டி வரும் நிஹாங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர் மரபினரைப் பார்த்தாலோ, ஊர்வலத்தின் முன்னால் வாளேந்தி வெறுங்காலோடு நடக்கும் ஐவரைப் பார்த்தாலோ, இந்தக் கதை நினைவில் இருந்தால் போதும். பார்ப்பதெல்லாம் புரியும்.

முதன்மை விழா எங்கே என்றால் கால்சா பிறந்த அனந்த்பூரில், தக்த் ஸ்ரீ கேஸ்கர் சாஹிப் குருத்வாராவில். ஆனால் இரண்டு நினைவுகளும் சேர்ந்து இருப்பது அமிர்தசரஸில். முதல் முறை போகிறவர்களுக்கு நான் அமிர்தசரஸையே சொல்வேன்.

தலையில் துணி, காலில் ஒன்றும் இல்லை

குருத்வாராவுக்குள் எல்லோரும் தலையை மூட வேண்டும், ஆண், பெண், குழந்தை எல்லோரும். தொப்பி கூடாது. வாசலில் துணி கிடைக்கும் என்றாலும் நம் ஊர்ப் பருத்தித் துண்டு ஒன்றை எடுத்துப்போங்கள், கைக்குட்டையைப் போல நழுவாது. பெண்களுக்குத் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ போதும். செருப்பைக் காலணிக் கூடத்தில் கொடுத்து வில்லை வாங்கிக்கொள்ளுங்கள், காலுறையையும் கழற்றிவிட வேண்டும். அங்கே செருப்பை வாங்கி வைப்பவர் சம்பளத்துக்கு நிற்பவர் அல்ல. மருத்துவரோ வியாபாரியோ மாணவரோ, சேவைக்காக நிற்பவர். இரண்டு கையாலும் கொடுங்கள். அப்புறம் கைகழுவி, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போக வேண்டும்.

பீடி, சிகரெட், பான்பராக் எதுவும் பையில்கூட இருக்கக் கூடாது. சீக்கியர்கள் புகையிலையைக் கடுமையாக விலக்கியவர்கள். தேங்காய், பூ, கற்பூரமும் வாங்கிப் போக வேண்டாம். அங்கே அர்ச்சனை இல்லை, தீபாராதனை இல்லை, சிலையும் இல்லை. நடுவில் வீற்றிருப்பது ஒரு நூல், குரு கிரந்த் சாஹிப்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு நெருக்கம் உண்டு. தேவாரத்தைப் பண்முறைப்படி அடுக்கியிருப்பதைப் போல, 1430 பக்கமுள்ள அந்த நூலும் பெரும்பகுதி ராகவாரியாக அடுக்கப்பட்டது, 31 ராகங்கள். குருமார்களின் பாடல்களோடு நெசவாளரான கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், மராத்திய நாமதேவர், முஸ்லிம் ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இருக்கின்றன. ஐந்தாவது குரு அர்ஜன் தொகுத்த மூல நூல் 1604-இல் இதே கோவிலில்தான் நிறுவப்பட்டது. ஒலிபெருக்கியில் நாள் முழுதும் கேட்பது அந்தப் பாடல்களைத்தான். மொழி தெரியாவிட்டாலும் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இருக்காது.

விடியுமுன் போங்கள்

வைசாகி அன்று உள்ளே போக வரிசை பல மணி நேரம் நீளும். இதற்கு ஒரே வழி, இரவு இரண்டு மூன்று மணிக்கே எழுந்துவிடுவது. விடியுமுன், கோவிலுக்கு எதிரே இருக்கும் சீக்கியர்களின் உயர் பீடமான அகால் தக்திலிருந்து குரு கிரந்த் சாஹிபைப் பல்லக்கில் எடுத்து வருவார்கள். பல்லக்கைத் தொட்டுத் தோள் மாற்றிக்கொள்ள ஆண்கள் முண்டியடிப்பார்கள், ரோஜா இதழ் பறக்கும். நம் ஊரில் சுவாமி புறப்பாடு பார்த்தவர்களுக்கு அந்த நெருக்கமும் மெய்சிலிர்ப்பும் பழக்கமானவை.

உள்ளே இறங்கியதும் குளத்தை இடமிருந்து வலமாகச் சுற்றுங்கள். 'இறங்கியதும்' என்று சொல்வது சரிதான், ஏனென்றால் இந்தக் கோவிலுக்குப் படி ஏறிப் போவதில்லை, இறங்கிப் போகிறோம். நாலு பக்கமும் வாசல். குளத்தில் நீராடலாம், பெண்களுக்குத் தனி மறைவிடம் உண்டு, சோப்பு கூடாது. கரையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கோவிலை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. குளத்தின் நடுவே உள்ள கோவிலுக்குப் போகும் பாலத்தைத் தாண்டி உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளியே பரிகிரமா என்ற சுற்றுப் பாதையில் எடுக்கிறார்கள், ஆனாலும் குளிக்கிறவர்களையும் கும்பிடுகிறவர்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

நூலின் முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டு, காணிக்கை போட விரும்பினால் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். வெளியே வரும்போது கடா பிரசாதம் கொடுப்பார்கள். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் போட்டுக் கிளறியது. இரண்டு கைகளையும் சேர்த்துக் குழியாக்கி வாங்க வேண்டும். ஒரு கையை நீட்டுவதும் வேண்டாம் என்று மறுப்பதும் அவர்களுக்கு வருத்தம் தரும்.

லங்கரில் உட்கார்வது

லங்கர் என்பது எல்லோரும் சேர்ந்து உண்ணும் இலவசப் பொதுச் சமையல். குரு ராம்தாஸ் லங்கர் கூடத்தில் இரவு பகல் எந்நேரமும் சாப்பாடு உண்டு. தட்டை வாங்கிக்கொண்டு, பாயில் வரிசையாக உட்கார வேண்டும். பக்கத்தில் யார் உட்கார்வார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. அதற்காகவே ஏற்பட்டதுதான் லங்கர். ரொட்டியை அங்கே பர்ஷாதா என்பார்கள், அதையும் இரண்டு கையேந்தித்தான் வாங்க வேண்டும். பருப்பு, காய், சில வேளை பாயசம். வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள், தட்டில் மிச்சம் வைக்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை செய்யுங்கள். பூண்டு உரிக்கும் இடத்தில் போய் உட்காரலாம், பாத்திரம் கழுவும் தொட்டியில் நிற்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், "சத் ஸ்ரீ அகால்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் ஒரு கூடையை உங்கள் பக்கம் தள்ளுவார்கள். ஆண்களை "வீர் ஜி" என்றும் பெண்களை "பைன் ஜி" என்றும் கூப்பிடலாம், அண்ணா, அக்கா என்பது போல. நான் அந்தக் கோவிலைப் புரிந்துகொண்டது பூண்டு உரித்த இடத்தில்தான். பக்கத்திலிருந்த பாட்டிக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. நான் தோலைக் கிள்ளி எடுத்த விதம் பிடிக்காமல் என் கையைப் பிடித்துத் தேய்த்து உரிக்கக் கற்றுக்கொடுத்தார். இன்றும் வீட்டில் அப்படித்தான் உரிக்கிறேன்.

நண்பகலில் அறைக்குப் போய்த் தூங்குங்கள். ஏப்ரலில் பளிங்குத் தரை சுடும், மாலைக்குத் தெம்பும் வேண்டும்.

மாலை, ஜாலியன்வாலா பாக்

இங்கே மாலை நாலரை மணி வாக்கில் போகச் சொல்வேன். காலையில் பிரமுகர்கள் வருவார்கள், கெடுபிடி இருக்கும். அதைவிட முக்கியமான காரணம், துப்பாக்கிச் சூடு தொடங்கியது மாலை ஐந்தேகால் மணி வாக்கில். அந்த நேரத்தில் அந்த மண்ணில் நின்றால் நிழல் விழும் திசைகூட வேறாகத் தெரியும்.

போவதற்கு முன் அந்த வாரத்தை நினைவில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். 1919-இல், விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்க வழிசெய்யும் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொதித்தது. ஏப்ரல் 9 ராமநவமி. அமிர்தசரஸில் அன்று நடந்த ராமநவமி ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள், ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள். ஒரு சமயத் திருநாள் நாட்டுக்கான நாளாகவும் மாறியது. ஆட்சியாளர்களை அது கலங்க வைத்தது. மறுநாள், ஏப்ரல் 10, ஊரின் தலைவர்கள் டாக்டர் சைஃபுதீன் கிச்லுவையும் டாக்டர் சத்யபாலையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கேட்கப் போன கூட்டத்தின் மீது சுட்டார்கள், கலவரம் வெடித்தது, ஆங்கிலேயர் ஐவரும் கொல்லப்பட்டார்கள்.

13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வைசாகி. கூட்டம் கூடத் தடை என்று ஊரில் சில இடங்களில் அறிவித்தார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து திருவிழாவுக்கும் மாட்டுச் சந்தைக்கும் வந்தவர்களில் பலருக்கு அது தெரியாது. கோவிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் திடலில் கூட்டம் நடக்கிறது என்று வந்து உட்கார்ந்தார்கள். ஜெனரல் டயர் 50 துப்பாக்கி வீரர்களோடு குறுகிய சந்து வழியாக நுழைந்தார். கொண்டுவந்த இரண்டு கவச வண்டிகள் அந்தச் சந்தில் நுழையவில்லை. எச்சரிக்கை எதுவும் இல்லை. பத்து நிமிடம், 1650 குண்டுகள். அரசு ஒப்புக்கொண்ட சாவு 379. காங்கிரஸ் விசாரணையின் கணக்கு ஏறத்தாழ 1000. இரவு ஊரடங்கு இருந்ததால் காயம்பட்டவர்களைத் தூக்க ஆள் வர முடியவில்லை. ரத்தன் தேவி என்ற பெண் விடிய விடிய, கையில் ஒரு மூங்கில் கழியோடு நாய்களை விரட்டிக்கொண்டு, கணவரின் உடலருகே உட்கார்ந்திருந்தார். விசாரணையில் அவரே சொன்னது இது.

அந்தச் சந்து வழியாகத்தான் நீங்களும் நுழைவீர்கள். 2021-இல் புதுப்பித்தபோது சுவர்களில் சிற்பங்கள் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வெறும் செங்கல் சுவராக இருந்தபோது அந்த நெருக்கடி நெஞ்சில் இறங்கும். ஆனாலும் சந்தின் அகலத்தைக் கவனியுங்கள். உள்ளே குண்டு துளைத்த சுவரையும் உயிர் தப்பக் குதித்தவர்கள் மாண்ட கிணற்றையும் பாருங்கள். கிணற்றருகே, சுவரருகே செல்ஃபி வேண்டாம். குழந்தைகளை அழைத்துப் போனால் வாசலுக்கு வெளியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். ஐஸ்கிரீமைச் சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போகலாம் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

இரண்டு பெயர்கள் குழம்பும். சுட ஆணையிட்டவர் டயர். அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து அதைச் சரி என்றவர் மைக்கேல் ஓ டுவையர். 1940 மார்ச் 13 அன்று லண்டனில் உதம் சிங் சுட்டது ஓ டுவையரை. டயர் 1927-இலேயே இறந்துவிட்டார். காவலில் தன் பெயரை ராம் முகமது சிங் ஆசாத் என்று சொன்ன உதம் சிங்குக்கு அதே ஆண்டு ஜூலை 31-இல் தூக்கு.

நம் பக்கத்துப் பெயர் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். பஞ்சாபில் நடந்த கொடுமைகளை ஏற்க முடியாமல் பதவியை விட்டார். பின்னால் ஓ டுவையர் லண்டனில் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டு வென்றார். நாயர் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டு நட்டஈடு கட்டினார்.

பாக்கிலிருந்து வெளியே வந்ததும் கடைத்தெருவுக்குள் புகுந்துவிடாமல், மறுபடி கோவில் குளக்கரைக்கே போய் உட்காருங்கள். இருட்டியதும் விளக்குகள் தண்ணீரில் தெரியும். இரவு பல்லக்கு அகால் தக்துக்குத் திரும்பும்வரை இருந்துவிட்டு அறைக்குப் போகலாம். ஜிலேபி, குல்சா, லஸ்ஸி எல்லாவற்றையும் 14-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே துர்கியானா கோவிலையும் டவுன் ஹாலில் உள்ள பிரிவினை அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அட்டாரி எல்லையில் மாலையில் நடக்கும் கொடியிறக்கம் ஆரவாரமானது, 13-ஆம் தேதி மாலைக்கு அது பொருந்தாது.

பேச்சில் கொஞ்சம் கவனம்

அன்பாகத்தான் சொல்கிறோம் என்று நினைத்து, "நீங்களும் இந்துக்கள்தானே" என்று சீக்கியர்களிடம் சொல்லாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர் என்று கலந்து வாழ்ந்தவர்கள் பஞ்சாபில் ஏராளம். ஆனாலும் தங்கள் சமயம் தனிச் சமயம் என்பதில் அவர்கள் உறுதியானவர்கள். 1984 ஜூனில் ராணுவம் இதே வளாகத்துக்குள் நுழைந்தது, அகால் தக்த் இடிபட்டது, பிறகு மறுபடி கட்டப்பட்டது. அந்தக் காயம் ஆறவில்லை. அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம்.

ஏப்ரலில் முடியாவிட்டால்

ஜனவரி 13 லோஹ்ரி, நம் போகியைப் போலத் தீ மூட்டுவார்கள், எள்ளும் வேர்க்கடலையும் போடுவார்கள். ஹோலிக்கு மறுநாள் அனந்த்பூரில் ஹோலா மொஹல்லா, நிஹாங்குகளின் குதிரையேற்றமும் சிலம்பம் போன்ற கத்கா ஆட்டமும் பார்க்கலாம். மார்ச் 23 பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் நினைவு நாள், ஃபிரோஸ்பூர் அருகே ஹுசைனிவாலாவில் மேளா கூடும். குரு அர்ஜன் உயிர் நீத்த நினைவாக, பெரும்பாலும் ஜூனில், தெருவெங்கும் சபீல் பந்தல் போட்டு இனிப்பும் குளிர்ச்சியுமாகப் பால் கொடுப்பார்கள். நம் நீர்மோர்ப் பந்தலேதான், ஆனால் கொளுத்தும் வெயிலில் சுடு தகட்டில் வதைபட்டவரை நினைத்துக் கொடுப்பது. தீபாவளி இரவு சீக்கியர்களுக்குப் பந்தி சோட் நாள், குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டையிலிருந்து 52 அரசர்களையும் விடுவித்துக்கொண்டு வந்ததன் நினைவு. அமிர்தசரஸ் தீபாவளி அவ்வளவு அழகு.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஃபதேகர் சாஹிபுக்குப் போகிறவர்கள் மட்டும், அது மேளா என்று பெயர் கொண்டாலும் கொண்டாட்டம் அல்ல என்று தெரிந்து போங்கள். குரு கோவிந்த் சிங்கின் சின்னஞ்சிறு மகன்கள் இருவரையும் உயிரோடு சுவரில் வைத்துக் கட்டிய இடம். அந்த நாட்களில் தரையில் படுத்துறங்கும் குடும்பங்கள் பல உண்டு. கம்பளி எடுத்துப்போங்கள், பனிமூட்டத்தில் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், திரும்பும் பயணச்சீட்டை ஒரு நாள் தள்ளியே எடுங்கள்.